கண்ணாடிக்காரரும் பல் டாக்டரின் ஓட்டும்

கண்ணாடிக்காரர் சட்டமன்றத் தேர்தலில் தோற்றது முந்நூறுக்கும் குறைவான ஓட்டில். பத்தாயிரம் ஓட்டில் தோற்றிருந்தால் ஒரே வாரத்தில் மறந்திருப்பார் என்று அவர் மனைவி சொல்வாள். ஜெயித்தவர் எங்கோ தொலைவில் இருந்தாலாவது தேவலை. ஜெயித்தது நேர் எதிரே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கத் தெருவில் இறங்கினால் கண்ணில் படுவது அந்த அம்மாளின் பெயர்ப்பலகைதான். தேர்தலுக்குப் பிறகு அதன் அடியில் இன்னொரு பலகையும் ஏறியது: 'உறுப்பினர் அலுவலகம், மாடியில்.' அதைப் பார்த்த நாளெல்லாம் கண்ணாடிக்காரருக்குக் காலைச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றது.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வணிகர் சங்கச் செயலாளராக இருந்து, சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு அணைந்தாலும் நகராட்சிப் படியேறியவர் அவர். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வைக்கும் மீதிப் பேருக்கு வெள்ளெழுத்துக்கும் கண்ணாடி மாட்டிவிட்டவர். "என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போய்த்தான் அந்தம்மா பேருக்கு நேரா குத்தியிருக்காங்க" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இவர் சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த அம்மாள் குளிர்சாதன அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டு விழுந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது கடிதங்களால்.

டாக்டர் தமக்கு வரும் எல்லாக் கடிதங்களுக்கும் பதில் போட்டார். தட்டச்சு செய்த பதிலுக்குக் கீழே தம் கையால் ஓரிரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். தையற்காரருக்கு வந்தது, மருந்துக்கடைக்காரருக்கு வந்தது. கடைசியில் கண்ணாடிக்காரரின் சொந்த மாமியாருக்கே வந்தது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லை என்று மாமியார் மருமகனுக்குத் தெரியாமல் எழுதிப்போட்டிருக்கிறார். வந்த பதிலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணாடிக்காரரின் மூக்குக்கு நேரே நின்றது.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே பார்த்திருக்க மாட்டேனா, அத்தை?"

"உங்ககிட்ட ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன், மாப்பிள்ளை" என்றார் மாமியார். "பாருங்க, கையால எழுதியிருக்காங்க. 'முழங்கால் வலி எப்படி இருக்கு'ன்னு கேட்டிருக்காங்க."

அன்று கடைக்குப் போனதும் கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிக்க இனிக்கக் கடிதம் எழுத யாராலும் முடியும். மன்றத்தில் போய் எதற்குக் கை தூக்குகிறார் என்பதை ஜனங்கள் பார்க்க வேண்டாமா? மாதத்துக்கு ஒரு தாள் அச்சடித்தார். 'நம் உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார்' என்று மேலே ஒரு வரி. கீழே மசோதா என்ன, அது நமக்கு என்ன செய்யும், டாக்டர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா, வரவேயில்லையா என்ற விவரம். மாதக் கடைசியில் மன்றம் வெளியிடும் பதிவைக் கடைக் கணினியில் எடுத்து, மனைவியிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லி, பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்புவார். விற்கிற ஒவ்வொரு கண்ணாடிக் கூட்டிலும் ஒரு தாளை மடித்து வைத்தார். பொய் எதுவும் சேர்க்கவில்லை. உண்மையே அந்த அம்மாளைக் கவிழ்த்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினார்.

உண்மை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. டாக்டர் ஒழுங்காக மன்றத்துக்குப் போனார். பெரும்பாலும் நியாயமாகத்தான் ஓட்டுப் போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தாளைப் படிக்கிறவர்கள், "பரவாயில்லையே, டாக்டரம்மா ஒரு நாள்கூட லீவு போடல போலிருக்கே" என்று இவரிடமே வந்து சொன்னார்கள். இவர் அச்சடித்த தாள், இவர் வாங்கிய காகிதம், புகழ் மட்டும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது.

"நீங்க அந்தம்மாவுக்கு விளம்பரம் பண்றீங்க" என்றாள் மனைவி. "டிவியிலயும் அவங்க மூஞ்சி, தாள்லயும் அவங்க பேரு. நான் புதுசா ஒரு புடவை கட்டினா என்ன கலருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்க முந்தாநாள் மன்றத்துல என்ன கலர்ல வந்தாங்கன்னு கேட்டா சொல்லுவீங்க."

"சாம்பல் கலர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கண்ணாடிக்காரர். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படி இருக்கையில்தான் வாடகை மசோதா வந்தது. வாடகைக் கடையைக் காலி செய்யச் சொல்ல இனி மூன்று மாத அவகாசம் போதும் என்றது மசோதா. தெரு முழுக்க வாடகைக் கடைகள். கொண்டுவந்தது டாக்டரின் சொந்தக் கட்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் டாக்டர் ஜனங்களைச் சந்திப்பார். அங்கே எல்லோருக்கும் முன்னால், "நான் இதை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஓட்டெடுப்பு நடந்த அன்று கண்ணாடிக்காரர் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். பார்வை சோதிக்கும் கனமான சட்டத்தை மூக்கில் சுமந்தபடி ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் காத்திருந்தார்.

"இப்ப தெளிவா தெரியுதுங்க" என்றார் வாடிக்கையாளர், சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்து.

"எனக்கும் தெரியுது" என்றார் கண்ணாடிக்காரர் டிவியைப் பார்த்து. "சீட்டு காலியா இருக்கு."

மூன்றாவது வரிசை, நடைவழியை ஒட்டிய இருக்கை. அதைத் தன் வீட்டு நாற்காலியைவிட நன்றாக அவர் அறிவார். உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். கேமரா அங்குமிங்கும் திரும்பியது. இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. மசோதா நிறைவேறியது. தன் கடைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை. நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மாதக் கடைசி வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. மனைவியிடம் காட்டவும் இல்லை. மாலைக்குள் தாள் அச்சாகி வந்துவிட்டது. 'டாக்டர் எங்கே?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே ஒரே வரி: 'வாடகை மசோதா ஓட்டெடுப்புக்கு நம் உறுப்பினர் வரவில்லை.'

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் நிற்க இடமில்லை. கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் வழிந்தது. கண்ணாடிக்காரர் தன் கடை வாசலிலேயே நின்று, வேறு வேலையாக நிற்பவர் மாதிரி காட்சிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரின் குரல் நன்றாகவே கேட்டது.

"நான் வந்திருந்தேன். எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். இப்படிப் போடப்போறேன்னு கட்சிக் கொறடாகிட்ட முன்னாடியே சொன்னேன். அன்னைக்கே என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிட்டாங்க. மாசக் கடைசியில பதிவு வரும், பாருங்க."

தையற்காரர் தாளைத் தூக்கிக் காட்டினார். "டாக்டரம்மா, நாங்களும் இத்தனை மாசமா இந்தத் தாளைப் படிக்கிறோம். ஒரு தடவைகூட இது தப்பாச் சொன்னதில்ல."

கண்ணாடிக்காரரின் கையில் துணி நின்றது. தேர்தல் முடிந்த நாளிலிருந்து முதல்முறையாக, அந்த அம்மாளின் பேச்சைவிடத் தன் பேச்சை ஜனங்கள் நம்புகிறார்கள். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி போட்டுக்கொண்டே இருந்தாள்.

பதிவு வந்தது. எதிர்த்தவர்களின் வரிசையில் டாக்டரின் பெயர் இருந்தது. அதே பெயரில் வேறு யாராவது உறுப்பினர் இருக்கக்கூடாதா என்று தேடினார். தொகுதியின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. கணினியை அணைத்துவிட்டு, அன்றைக்கு அவசரமே இல்லாத லென்ஸ்களை எல்லாம் எடுத்து அறுத்துத் தள்ளினார்.

சில நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எதிரே கிளினிக்கில் கூட்டம் மெலிந்துபோனதைப் பார்த்தார். மாடிப்படியில் ஏறுபவர்கள் அநேகமாக இல்லை. இதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம், பார்த்த பிறகு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில் ஒரு மாலை, கடைக் கணக்கு முடிக்க வந்த மனைவியிடம் சொன்னார்.

"அவங்க வந்திருந்தாங்களாம்."

"யாரு?"

"எதிர்க்கடை."

மனைவி பேனாவை வைத்தாள். "எப்பத் தெரியும்?"

"தெரியும். இப்பத்தான்."

"இப்பன்னா?"

"போன வாரம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஏங்க, அவங்க உங்களைவிட நல்ல ஆளா இருக்கறதுதான் உங்களுக்குப் பிரச்சனையா?" என்று நிதானமாகக் கேட்டாள். கண்ணாடிக்காரருக்கு அதற்கும் பதில் தெரிந்திருந்தது.

திருத்தம் எழுதினார். தாளின் அடியில், மூலையில், பொடி எழுத்தில் மூன்று வரி. மனைவி அதைக் கையில் வாங்கி, கல்லாவிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள்.

"தப்பைக் கொட்டை எழுத்துல போட்டீங்க. திருத்தத்தைப் படிக்க உங்க கடையில கண்ணாடி வாங்கணும் போலிருக்கே."

அடுத்த நாள் தாள் முழுக்கத் திருத்தம் மட்டுமே வந்தது. 'டாக்டர் மன்றத்துக்கு வந்திருந்தார். தம் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். நான் டிவியில் காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, பதிவுக்குக் காத்திராமல் தப்பாக அச்சடித்தேன்.' கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்.

ஜனங்கள் கிளினிக்குக்குத் திரும்பினார்கள், முன்னைவிட அதிகமாக. சொந்தக் கட்சியையே எதிர்த்தவர் என்று டாக்டரின் மதிப்பு எங்கோ போய்விட்டது. "நீங்களும் நேர்மையானவர்தான்" என்று சிலர் இவர் தோளில் தட்டினார்கள். அந்த 'உம்' அவரை அரித்தது.

அதன் பிறகு அவர் இன்னொன்றையும் கவனித்தார். தாளை நம்பி டாக்டரைத் திட்டி எழுதியவர்கள் இப்போது மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. தன் பெயருக்கும் ஒரு கடிதம் வரும் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்திருந்தார். தபால்காரர் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

"எழுதினவங்களுக்குத்தானே பதில் போடுவாங்க. நீங்க எப்ப எழுதினீங்க?" என்றாள் மனைவி.

எழுத வேண்டிய நாள் வந்தது. புதுச் சட்டத்தைக் காட்டி, கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிவிட்டார். ஒரு வக்கீலைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு நாள் தன்மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டுக் கண்ணாடிக்காரர் தன் உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார். தெருவைக் கடந்து கொடுத்திருக்கலாம். தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டார்.

மற்றவர்களுக்கு வந்தது போலவே பதில் வந்தது. சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை, அதற்கு முன் கொடுத்த நோட்டீஸ் செல்லாது, இதை உரிமையாளரிடம் காட்டுங்கள், தேவையானால் நான் பேசுகிறேன் என்று தட்டச்சில் இருந்தது. கீழே கையால் எழுதியிருந்தது: 'அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் எழுந்து நின்றேன். எனக்கே கேமரா தெரியவில்லை. உங்கள் திருத்தத்தைப் படித்தேன். அதை அச்சடிப்பது லேசான காரியம் இல்லை.'

மாமியார் அதை வாங்கிப் படித்தார். "உங்களுக்கு நாலு வரி எழுதியிருக்காங்களே, மாப்பிள்ளை" என்றார். குரலில் கொஞ்சம் புகைச்சல் இருந்தது. கண்ணாடிக்காரர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டவில்லை.

நோட்டீஸ் அதோடு நிற்கவில்லை. சட்டம் அமலுக்கு வந்ததும் உரிமையாளர் மறுபடி அனுப்பினார். டாக்டர் இருமுறை பேசியதில் வாடகை ஏறியது, கடை தப்பியது.

அடுத்த தேர்தலில் டாக்டருக்குக் கட்சி இடம் தரவில்லை. அவர் சுயேச்சையாக நின்றார். கண்ணாடிக்காரரும் விடவில்லை, நின்றார். கட்சி புதிதாக நிறுத்திய யாரோ ஒருவர் ஜெயித்தார். டாக்டர் இரண்டாவது வந்தார், கண்ணாடிக்காரர் மூன்றாவது. தோல்வியில்கூட அந்த அம்மாள் தனக்கு முன்னால் நிற்பதை அவர் வெகுநாள் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாள் நிற்கவில்லை. புது உறுப்பினர் எப்படி ஓட்டுப் போடுகிறார் என்று மாதாமாதம் அச்சடித்தார். அந்த மனிதர் யாருக்கும் பதில் போடுவதில்லை. ஜனங்கள் பழக்கத்தில் இன்னும் டாக்டரிடம்தான் மனுவோடு போனார்கள். பல் வலி இல்லாதவர்களும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பதவியில்லாமலும் அங்கே கூட்டம் இருப்பதைக் கடை வாசலிலிருந்து பார்க்கும்போது கண்ணாடிக்காரருக்குப் பழையபடி வயிறு எரிந்தது.

ஒரு மாதம் அச்சகத்திலிருந்து தாள் வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாங்கிப் படித்தார். அவர் மூக்கில் ஒரு கண்ணாடி ஏறியிருந்தது. தன் கடைச் சரக்கு இல்லை என்று கண்ணாடிக்காரருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"வெள்ளெழுத்தா?" என்றார்.

"ஆமாங்க. பதவியில இருந்தப்ப மன்றத்துக்குப் பக்கத்துக் கடையில வாங்கினது. சரியா உட்காரவே மாட்டேங்குது."

"இடது காதுக் கொக்கி இறங்கியிருக்கு. யாரு செஞ்சுகொடுத்தாங்களோ" என்றார் கண்ணாடிக்காரர். "எதிர்லயே நான் இருக்கேன்."

"உங்க கடைக்கு வர எனக்குக் கொஞ்சம் பயம்" என்று டாக்டர் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். திருகாணியை முடுக்கும் முன், அந்த இன்னொரு கடையின் பெயர் எங்காவது பொறித்திருக்கிறதா என்று உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.