பார்சல் ஆபீஸ் தராசில் நான்

நான் பிறவி ஒல்லி. சாப்பிடாத ஒல்லி இல்லை. மூன்று வேளையும் வெளுத்துக்கட்டிவிட்டு, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சமையலறையை எட்டிப் பார்க்கிற ஒல்லி. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்பது சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவே கூடி அலசிய விஷயம். எண்பதுகளின் கடைசி அது. டிவி இருந்த வீடுகள் குறைவு, அதனால் பேசுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அப்பாவுக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் பார்சல் ஆபீஸில் வேலை. மூட்டைகளையும் கூடைகளையும் நிறுக்க அங்கே ஒரு பெரிய இரும்புத் தராசு உண்டு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் அதன் பலகைமேல் ஏற்றிவிடுவாள். முள் சோம்பலாக அசைந்து சீக்கிரமே நின்றுவிடும். அம்மாவின் முகம் விழுந்துவிடும்.

"இன்னா சார், மீன் கூடையே இத்தவிட வெயிட்டா கீது. பொண்ண எக்மோருக்கு புக் பண்ணிடலாமா?" என்று அங்கிருந்த போர்ட்டர் அண்ணன் கேட்பார். அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் காலி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விடுவாள்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. சத்துமாவுக் கஞ்சி, உளுந்தங்களி, நேந்திரம்பழம், தினம் ஒரு முட்டை, அப்புறம் வாயில் வைக்க முடியாத ஒரு டானிக். நான் எதற்கும் முகம் சுளித்ததில்லை. டானிக் ஸ்பூனைக்கூட நக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். என் உடம்புதான் எதற்கும் மசியவில்லை.

இதில் பெரியம்மா வேறு. அப்பாவின் அண்ணன் மனைவி, ஊரப்பாக்கத்தில் வீடு. பஸ் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மேல்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடிப்பாள். இரண்டு விரலும் தாராளமாகத் தொட்டுக்கொள்ளும். அதை அப்படியே எல்லோருக்கும் காட்டுவாள்.

"என்னதான் போடறே நீ, இந்தப் பொண்ணுக்கு?"

அம்மா காபி கலக்கப் போவாள். அந்தக் காபி வந்து சேர ரொம்ப நேரமாகும். பெரியம்மா கொண்டுவந்த முறுக்கில் நான் மும்முரமாக இருப்பேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பி.டி. டீச்சர் என்னைக் கண்டுபிடித்தார். கோ-கோ ஆடுகையில் என்னை யாராலும் தொட முடியவில்லை. உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே கிடைக்கிற சின்ன இடைவெளி எனக்கு ராஜபாட்டை. "எங்கேடீ ஒளிஞ்சிருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே அணியில் சேர்த்துக்கொண்டார். அதுவரை என் உடம்பைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "கூடாது. இருக்கிற சதையும் கரைஞ்சுடும். அப்புறம் நான் யாருக்குப் பதில் சொல்றது?"

உண்ணாவிரதம் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பசி தாங்காது. அதனால் சாப்பிட்டுவிட்டு அழுதேன், அழுதுவிட்டுச் சாப்பிட்டேன். பள்ளிகளுக்கிடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அப்பாதான், "டாக்டர்கிட்டயே கேட்டுடலாம். அவங்க வேணாம்னா வேணாம்" என்று சமாதானம் பண்ணினார்.

டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பிய அன்று அம்மா எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். மேலே இரண்டு வாழைப்பழம். பட்டுப்பாவாடைக்கு உள்ளே இரண்டு உள்பாவாடை. எல்லாவற்றுக்கும் மேல், தன் கல்யாணத்துக்குப் போட்ட கனத்த வெள்ளிக் கொலுசைப் பீரோவிலிருந்து எடுத்து என் காலில் மாட்டிவிட்டாள். நடந்தால் ஜல்ஜலென்று தெருவே திரும்பிப் பார்த்தது. விளையாட்டே கூடாது என்கிறவள் என் எடையை ஏன் ஏற்றிக் காட்டப் பார்க்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா என் கட்சிக்கு மாறிவிட்டாள் என்று குஷியாகப் போனேன்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்தது அந்த கிளினிக். மெஷினில் ஏறப் போன என்னை டாக்டரம்மா ஏற இறங்கப் பார்த்தார். "கொலுசைக் கழட்டு கண்ணு. பாவாடைக்குள்ள இன்னும் என்னல்லாம் வெச்சிருக்கே?"

அம்மா சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார், உயரம் அளந்தார். பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாம் விசாரித்தார். ரத்தப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். அப்பா பக்கம் திரும்பி, "சின்ன வயசுல நீங்க எப்படி சார் இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இதே மாதிரிதான் டாக்டர். கல்யாணச் சட்டை தைச்ச டெய்லர் நம்பாம ரெண்டு தடவை அளவெடுத்தாரு."

பரிசோதனை முடிவுகளோடு மறுபடி போனோம். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "எடை கம்மிதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரத்தம் நல்லா இருக்கு, பூச்சி இல்ல, பசிச்சு சாப்பிடறா, வயசுக்கு ஏத்த மாதிரி வளர்றா. உங்க வீட்டுக்காரர் வாகு. ஒல்லியா இருக்கிறதே ஒரு வியாதி இல்லம்மா. சோர்ந்து படுத்தாலோ, இருக்கிற எடை இறங்கினாலோ உடனே கூட்டிட்டு வாங்க. இப்போ ஓடட்டும்."

நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. "அப்போ நான் போடற சாப்பாட்டுல குறை ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கேட்டாள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா."

பஸ் ஸ்டாப்பில் அம்மா முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு நின்றாள். நான் ஜெயித்துவிட்டேன், பாவம், அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

இறுதி ஆட்டம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. எதிரணிப் பெண்கள் நல்ல உயரம், எட்டிப் பிடிக்கிற கை. கடைசிச் சுற்றில் எங்களைத் துரத்துவது அவர்கள் முறை. என்னோடு இறங்கிய இருவரும் அவுட். ஒரு புள்ளி எங்கள் கையில் கூடுதலாக இருந்தது. என்னையும் தொட்டுவிட்டால் சமம், விசில் வரைக்கும் தாக்குப்பிடித்தால் கப் எங்களுக்கு.

ஓடினேன். குனிந்தேன், வளைந்தேன், உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வெளியே வந்தேன். ஒருத்தியின் விரல் என் முதுகுக்குப் பின்னால் காற்றைத்தான் தொட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தால் அங்கேயே அவுட். மைதானத்து ஓரத்தில் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்ற அம்மா, தெருவில் சத்தம் போட்டுப் பேசாத என் அம்மா, "நிக்காதடீ, ஓடு, ஓடு" என்று கத்துவது மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. விசில் ஊதியபோது நான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். டீச்சர் வந்து என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டார். தூக்குவது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது.

பள்ளிக்குச் சேர வேண்டிய அந்தக் கப்பை, "ஒரு நாள் மட்டும் குடுங்க டீச்சர், திங்கக்கிழமை நானே கொண்டுவந்து தர்றேன்" என்று அம்மா கேட்டு வாங்கினாள். நேராக எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை வீட்டிலிருந்து ஆரம்பித்து, பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உட்பட, ஒவ்வொரு வாசலிலும் என்னை முன்னால் நிறுத்தி, கப்பை என் கையில் கொடுத்து, "நம்ம பொண்ணு ஜெயிச்சிருக்கா" என்றாள். மறுநாள் ஊரப்பாக்கத்துக்கு பஸ் ஏறினோம். பெரியம்மா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்டு வாங்கி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

எனக்குக் கால் வலி, தூக்கம், கொஞ்சம் வெட்கம். அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு பெருமை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

என் மகளும் ஒல்லி. அவளைப் பள்ளியில் சேர்த்த புதிதில் ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அன்பாகத்தான், "வீட்ல சரியா சாப்பிடறாளா மேடம்?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என்னவோ உளறிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்ப முடியாமல் நின்றேன். சிட்லபாக்கத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை நடந்த அந்த ஊர்வலத்தில் ஜெயித்தவள் நான் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.