நன்றி சொல்லாத தியோலிந்தா

தியோலிந்தா திமிர் பிடித்தவள் என்று எங்கள் ஊரில் சொல்லாதவர்கள் குறைவு. அவளோடு பல வருஷம் யெர்பா இலை வெட்டியவள் நான். திமிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் திமிர் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் லாரியில் இலை மூட்டைகளின் உச்சியில் தொற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்போம்.

பரானா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பராகுவேயில் பிறந்தவள். சிறுமியாகப் படகில் இக்கரைக்கு வந்தவள், மரம் வெட்டும் ரொகேலியோவைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒருநாள் அவளுடைய இலை வெட்டும் கத்தரியை விற்றுக் குடித்துவிட்டான். அவனுடைய பூட்ஸைத் தூக்கி வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மழையில் நின்று அவன் கெஞ்சினானாம். "பூட்ஸ் நனையுது பாரு, மொதல்ல அத எடுத்துட்டுப் போ" என்றாளாம். அதோடு ரொகேலியோ கதை முடிந்தது.

எங்களுக்குக் குளிர்காலத்தில்தான் வெட்டு. காலையில் லாரி ஏறுவதற்கு முன்னால் கொட்டகை ஓரம் நெருப்பு மூட்டி, யெர்பா இலையில் வெந்நீர் ஊற்றி மாத்தே குடிப்போம். ஊற்றுவது மேஸ்திரி அனஸ்தாசியோ. ஒரே சுரைக்குடுக்கை, ஒரே குழல். முதல் குடுக்கையை அவன் குடித்துவிட்டு வரிசையாகக் கொடுப்பான். குடித்தவர்கள் பேசாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். நன்றி என்று சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம், அதற்கப்புறம் குடுக்கை வராது. சொல்லாத வரைக்கும் ஊற்றுகிறவன் கொடுத்தே ஆக வேண்டும். தாண்டிப் போனால் முகத்தில் துப்பிய மாதிரி. எங்கள் கூட்டத்தில் நன்றி சொன்னவர்கள் அப்படியே எழுந்து போய் லாரி ஏறுவார்கள்.

ஒருநாள் மழையில் செம்மண் சரிவில் லாரி வழுக்கி, மூட்டை மேலிருந்து தியோலிந்தாவின் தங்கை பெர்மினா கீழே விழுந்தாள். இடுப்பு முறிந்துவிட்டது. வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரர் ஓல்மேதோ வந்து பார்த்துவிட்டு, "கயித்த நல்லாப் புடிச்சிருக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை லாரியில் முந்தின நாள் மூட்டைகள் இறக்காமல் அப்படியே இருந்தன. அதன் மேல்தான் ஏற வேண்டும். ஒவ்வொருவராக நன்றி சொல்லி எழுந்தோம். தியோலிந்தா மட்டும் குடுக்கையைப் பேசாமல் நீட்டினாள். அனஸ்தாசியோ ஊற்றிக் கொடுத்தான். குடித்தாள். மறுபடியும் நீட்டினாள்.

"லாரி நிக்குதுக்கா" என்றான் அவன்.

"நிக்கட்டும். அதுக்கென்ன காலா வலிக்கப் போவுது?"

"இன்னும் எவ்ளோதான் குடிப்ப?"

"நான் நன்றி சொன்னேனா?"

"சொல்லல."

"அப்ப ஊத்து."

நான் அப்போது லாரிச் சக்கரத்தில் ஒரு காலை வைத்திருந்தேன். விஷயம் புரிந்தது. இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீதான் நன்றி சொல்லிட்டியே?" என்றான் அனஸ்தாசியோ.

"இருமினேன். உன் காதுல நன்றின்னு விழுந்திருக்கு."

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் அன்றைக்கு இருமல்.

ஓல்மேதோ தன் வண்டியில் வந்து இறங்கினார். "என்ன, இங்க கல்யாணமா நடக்குது? எழுந்திருங்க."

"உக்காந்து போற மாதிரி பஸ் வேணும். மூட்டை மேல இனி ஏற மாட்டோம்" என்றாள் தியோலிந்தா.

"ஆத்தத் தாண்டினா ஆயிரம் பேர் வருவான்."

"அந்த ஆயிரத்துல வந்தவதான் நானும். வரச் சொல்லுங்க, அவங்களுக்கும் மாத்தே பிடிக்கும்."

அவர் அனஸ்தாசியோ பக்கம் திரும்பி, "இவளுக்கு ஊத்தாத" என்றார். அந்த மனுஷன் முதலாளி முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நின்றதில்லை. அன்றைக்கு உட்கார்ந்தபடியே சொன்னான். "வேணும்னா என்னை வேலைய விட்டு நிறுத்துங்க ஐயா. நன்றி சொல்லாத ஆளத் தாண்டிப் போக என்னால ஆவாது."

மிரட்டல் பலிக்காததால் ஓல்மேதோ தேனாக மாறினார். கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். முறைப்படி குடுக்கை அவரிடமும் போனது. உறிஞ்சிக்கொண்டே ஆலை காத்திருக்கிறது, மழை வரப்போகிறது என்று அடுக்கினார். அவசரத்தில் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது வாய் தவறி, "நன்றி" என்று சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"ஐயாவுக்குப் போதுமாம்" என்றாள் தியோலிந்தா. "நன்றி சொன்னவங்க லாரி ஏறணும். ஏறுங்க."

நாங்கள் சிரித்தோம். அவர் ரோஷத்தோடு எழுந்து லாரி வரை போனார். மூட்டைகளைக் கட்டியிருந்த ஒற்றைக் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு அந்தச் சரிவைப் பார்த்தார். யாரும் இப்போது சிரிக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. வேறு ஆட்களோடு திரும்பி வந்தால் இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் அடுப்பு எரியாது. தியோலிந்தாவிடம் சொன்னேன். "பயமா இருந்தா நல்லா உறிஞ்சு, சூடா இருக்கு" என்றாள். இலை சாரமற்றுப் போனது. அனஸ்தாசியோ அதைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டான். பசிக்கு யாரோ அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்துக் கொடுத்தார்கள். நெருப்பை விட்டு ஒருவரும் நகரவில்லை.

உச்சி வெயிலில் ஒரு பஸ் வந்தது. எப்போதோ பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பஸ். பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, சீட்டெல்லாம் கிழிசல். பின்னாலேயே ஓல்மேதோ வந்தார்.

"கேட்டது வந்துருச்சில்ல? இப்பவாவது வாயத் தொறந்து ஒரு நன்றி சொல்லு."

தியோலிந்தா கையிலிருந்த குடுக்கையைப் பேசாமல் அனஸ்தாசியோவிடம் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி, ஒரு சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நன்றின்னா போதும்னு அர்த்தம் ஐயா. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பணும், நாளைக்கும் வேலைக்குப் போவணும். என் தங்கச்சி இடுப்புக்கு வைத்தியம் பாக்கணும். அதுக்குள்ள போதும்னு சொல்லச் சொல்றீங்களா?"

சாயங்காலம் எங்களைத் திருப்பி அழைத்துப் போக பஸ் காத்து நின்றது. மறுநாளும் வந்தது. பெர்மினாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஓல்மேதோவின் வண்டியே அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. இப்போது அவள் கோலூன்றி நடக்கிறாள். தினமும் காலையில் அனஸ்தாசியோ குடுக்கையைத் திருப்பி வாங்கும்போது தியோலிந்தாவின் முகத்தைப் பார்க்கிறான். அவள் இன்னும் சொல்லவில்லை.