பென்சிலில் போட்ட மதிப்பெண்

லிஃப்டில் வைத்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. ரத்த மாதிரிகளைக் கொண்டுபோகிற பெண், கேண்டீனில் யாரோ சொன்னதாகச் சொன்னாள்: "தெரியுமா? கீழ் மாடி அக்கா நோயாளிங்களுக்கு அள்ளி அள்ளி மார்க் போட்டுட்டாங்களாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினதுல பஸ் டிரைவர் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாராம்."

அந்த மார்க் போடுகிற சோதனைத் தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் ஆக்கியவன் நான். பிழைக்க வந்த ஊரில் இரண்டு மொழி படித்ததுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் வாக்கியம் எதுவும் காலை வாரிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அக்காவின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா அள்ளிப் போடுகிற ஆளே இல்லை.

பக்கவாதமும் நடுக்கவாதமும் வந்தவர்களை இருபத்திரண்டு வருடமாக நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட் அவர். ரப்பர் செருப்பு, கொண்டையில் செருகிய பென்சில். யாரையும் முகத்தைப் பார்த்து எடைபோட மாட்டார், கால் விரலைப் பார்ப்பார். "விழப்போறவன் முதல்ல விரலைத்தான் மடக்குவான்" என்பார். வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாள் செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்தபோது, 'வாங்க' சொல்வதற்கு முன்பே, "தலை சுத்துதா சம்பந்தி?" என்று கேட்டவர்.

ஒருவர் விழாமல் நிற்பாரா என்று பார்க்கப் பதினான்கு சிறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். தமிழில் எழுதினால் மட்டும் போதாது. ஒரே நோயாளியை இரண்டு பேர், ஒருவர் தாளை மற்றவர் பாராமல், தனித்தனியே மதிப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தமிழ்த் தாள் செல்லும். முப்பது நோயாளிகள். ஒரு மூலையில் அக்கா. எதிர் மூலையில் பக்கத்து அறை பிசியோதெரபிஸ்ட், எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி'. பதினைந்து வருடமாக அக்காவும் கண்ணாடியும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

டிரைவர் வந்த அன்று நானும் அறையில் இருந்தேன். ஓய்வு பெற்றவர், பக்கவாதத்தில் இடது பக்கம் இழுத்துக்கொண்டவர்.

"நின்ன இடத்துலயே ஒரு முழுச் சுத்து சுத்துங்க ஐயா."

"முப்பது வருஷம் ரவுண்டானா சுத்தினவன்மா நான். இண்டிகேட்டர் போடணுமா?"

வலப்பக்கம் சுற்றிவிட்டார். இடப்பக்கம் பாதியில் விரல்கள் தரையைக் கவ்வின. அக்காவின் கை அவர் பெல்ட்டில் இருந்தது.

"நீ பிடிக்கலேன்னா விழுந்திருப்பேனா?"

"பிடிச்சதாலதான் இந்தக் கேள்வியைக் கேக்கறீங்க."

அக்கா ஒன்று போட்டார். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று பொருள். அவர் மதிப்பெண்ணைப் பென்சிலால்தான் போடுவார், கையெழுத்துக்கு மட்டும் பேனா. சோதனை முடிந்து களைத்த நோயாளியைத் தனியே அனுப்பவும் மாட்டார். "கண்ணாடி, என் தாளையும் உறையில போட்டு ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு, டிரைவரின் கையைப் பிடித்துக் கட்டில்வரை கூட்டிப்போனார். முப்பது பேரையும் அப்படித்தான்.

முடிவு பிரமாதமாக வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு!" என்று தலைமை மருத்துவர் கூட்டத்தில் கைதட்டினார். "சேர்ந்து சாப்பிட்டா அப்படித்தான் சார்" என்று அக்கா வெட்கப்பட்டார். கண்ணாடி குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா போட்ட தாளின் நகல் நோயாளியின் கோப்புக்கும் போனது. அதைப் பார்த்துத்தான் டிரைவரை 'தனியாக நடமாடலாம்' என்று எழுதி அனுப்பினார்கள். நாலாம் நாள், குளியலறையில் துண்டு எடுக்க இடப்பக்கம் திரும்பியிருக்கிறார்.

லிஃப்டிலிருந்து நேரே அக்காவிடம் போனேன். டிரைவரின் மகள் அப்போதுதான் வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள். "நீங்க கையெழுத்துப் போட்டதாலதானே எங்கப்பாவைத் தனியா விட்டோம்?" என்று கேட்டாளாம். மறுநாள் விசாரணை என்று அலுவலகமும் சொல்லியிருந்தது.

"நான் ஒண்ணுதான் போட்டேன் தம்பி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அசல் தாள்களை வாங்கிவந்தோம். சுற்றும் வரிக்கு எதிரே மூன்று, துணையில்லாமல் சுற்றுவார் என்று பொருள். அக்காவின் மூன்றுக்குத் தலை தட்டையாக இருக்கும், இது உருண்டை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். மூன்றின் அடியில், அழுத்தி எழுதி அழித்த ஒரு நேர்கோட்டின் பள்ளம். கண்ணாடியின் தாளிலும் மூன்று. அடுத்தடுத்த உறைகளையும் பார்த்தோம். பதினொன்றில் அதே பள்ளம், அதே உருண்டை எண்.

அக்கா சோதனை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மூணுன்னு படுதுக்கான்னு கண்ணாடி என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே. அதுக்குத்தானே ரெண்டு பேரு? நான் அந்த மனுஷனைக் கட்டில்ல விட்டுட்டு வர்றதுக்குள்ள..." கையிலிருந்த தாளை உறைக்குள் போட்டார். "முப்பது தடவை தாளைக் கொடுத்தேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா பாரு!"

"நாளைக்கு விசாரணையில இந்தப் பள்ளத்தைக் காட்டலாம்க்கா."

"நானே அழிச்சு மாத்தினேன்னு சொன்னா? கீழே போட்ட கையெழுத்து என்னோடது. இன்னொருத்தி கை பட்டதுன்னு அவதான் சொல்லணும். சொல்லலேன்னா என் வேலை போச்சு. டிரைவர் விழுந்த பழியும் என் தலைமேலதான்."

கண்ணாடிக்குச் செய்தி எனக்கு முன்பே எட்டியிருக்க வேண்டும், இரண்டு நாளாக லீவு. அக்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டூலில் தன் பக்கத்தில் வைத்தார்.

"எடுத்தா என்னக்கா கேப்பீங்க?"

"திட்ட மாட்டேன். டிரைவருக்கு நான் என்ன மார்க் போட்டேன்னு மட்டும் கேப்பேன். அவ வாயால சொல்லட்டும்."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். செருப்புக்குள் அவர் கால் விரல்கள் மடங்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.