சௌந்தர்யாவுக்கு ஈடு

தனக்கோடியின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட வளையத்துக்குள் போட்டதில்லை. ஆனாலும் விருத்தாசலத்தில் கூடைப்பந்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அவர் பெயரில்தான் போய் முடிப்பார்கள். பெண்கள் அணி ஒன்றை நடத்துகிறார். நான் அந்த அணியின் செயலாளர். அதாவது, ஆட்டத்தின்போது அவர் நடுவரிடம் போடும் சண்டைக்கெல்லாம் பிறகு போய் மன்னிப்புக் கேட்பவன். பிழைப்புக்குக் கடைவீதியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன்.

அவருக்குப் பிழைப்பு பீங்கான் பொம்மை. செராமிக் எஸ்டேட்டில் அவருடைய யூனிட்டுக்குச் சுவரை ஒட்டியே கூடைப்பந்து மைதானம். பல வருஷங்களுக்கு முன் அங்கிருந்து பறந்து வந்த பந்து ஒன்று, காய வைத்திருந்த பிள்ளையார்களில் ஒரு வரிசையை நொறுக்கிவிட்டது. ஒடிந்த தும்பிக்கையைக் கையில் பிடித்தபடி சண்டைக்குப் போனார் தனக்கோடி. போன நேரத்தில் ஆட்டம் சூடாக இருந்தது. முடியட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக நின்றார். இன்றுவரை அங்கேதான் நிற்கிறார். முதலில் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தார், பிறகு ஷூ, பிறகு சம்பளம் என்று அது வளர்ந்துவிட்டது.

அவருடைய அணியின் உயிர் சௌந்தர்யா. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி மகள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து இவரிடம்தான் ஆடுகிறாள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீட்டு வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். அதனால் சூளை திறக்கிற நாளில் தவறாமல் யூனிட்டுக்கு வந்துவிடுவாள். மேல் தட்டில் இருக்கும் பொம்மைகளை ஸ்டூல் போடாமல் எடுத்துக் கொடுப்பாள். தனக்கோடிக்கு மகள் இல்லை. இருந்திருந்தாலும் இவளைத் திட்டுகிற அளவுக்குத் திட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

போன வருஷம் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. எங்கள் வட்டார லீக்கில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தம் முடிந்தவரை வேறு அணி கூப்பிடலாம். ஆனால் அவர்கள் என்னென்ன தருவதாகச் சொல்கிறார்களோ, அது அத்தனையையும் தருவதாகப் பழைய அணி சொல்லிவிட்டால், ஆட்டக்காரர் பழைய அணியிலேயே இருக்க வேண்டும். இதற்கு ஈடு கொடுப்பது என்று பெயர். கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் ஆட்டக்காரர் கூப்பிட்ட அணிக்குப் போயாக வேண்டும்; ஒருமுறை சொன்ன பதிலை மாற்ற முடியாது. ஐந்து நாள் கெடு.

பண்ருட்டி அணியை நடத்தும் முந்திரி வியாபாரி கலியமூர்த்தி, ஒரு திங்கட்கிழமை சௌந்தர்யாவைக் கூப்பிட்டார். இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளம், ஒரு ஸ்கூட்டி, அப்பா அம்மாவோடு தங்க வாடகையில்லாத வீடு, மாதம் ஒரு கிலோ முந்திரிப்பருப்பு. இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தனக்கோடி பதில் சொல்ல வேண்டும்.

"முந்திரிக்குப் பதிலா ஜாடி குடுக்கலாமான்னு கேளு தம்பி" என்றார் என்னிடம். லீக் ஆபீசில் கேட்டேன். முந்திரி என்றால் முந்திரிதானாம். ஈடு கொடுத்தால் மாதாமாதம் கலியமூர்த்தி கடையிலேயே போய் வாங்கிவர வேண்டியிருக்கும். அதை நினைத்து ஒருநாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

உண்மையான சிக்கல் முந்திரி இல்லை. புதுச் சூளை கட்டச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தால் சம்பளத்துக்கும் ஸ்கூட்டிக்கும் சரியாகப் போய்விடும். சூளையை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டுக்கு எங்கே போவது? அதற்கு அவர் மனைவி பானுமதியே வழி சொன்னார்.

"மாடி வூட்ட அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க. என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாடியில் குடியிருப்பது அவருடைய தம்பி. பத்துப் பைசா வாடகை கொடுக்காத தம்பி. புதன்கிழமை அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாமான் கட்ட ஆரம்பித்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

"அந்தப் பொண்ணு என்னா சொல்லுது? கேட்டீங்களாண்ணே?" என்றேன்.

"அத எப்புடிப்பா கேக்குறது? கேட்டா, எனக்காவ இருக்கறேன்னு சொல்லிடும். போவணும்னு ஆசை இருந்தாலும் சொல்லாது."

நியாயமாகத்தான் பட்டது. வியாழக்கிழமை இரவு ஈடு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் சூளை திறக்க வேண்டும், அது முடிந்ததும் பதில் அனுப்பலாம் என்றார். நான் நல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சௌந்தர்யா சூளைக்கு வரவில்லை.

எங்கள் ஊர்ச் சூளைக்காரர்களிடம் ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போகிறவர் முதலாளி முகத்துக்கு நேராக அதைச் சொல்வதில்லை. சூளையில் பொம்மை அடுக்கும்போது கூடவே இருப்பார், திறக்கிற அன்று வரமாட்டார். அவ்வளவுதான் சேதி. முதலாளியும் ஆள் அனுப்ப மாட்டார், போன் போட மாட்டார். போட்டால் அது போகிறவரின் கையைப் பிடித்து இழுத்தது போல் ஆகிவிடும். தனக்கோடி இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாப்பிடவில்லையாம். அதன் பிறகு லீக் ஆபீசுக்கு வாட்ஸப்பில், ஈடு கொடுக்கவில்லை, அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்து விஷயம் தெரிந்து, அழித்துத் தொலையுங்கள் என்று கத்தும்போது அதில் நீல டிக் விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் போனைப் பிடுங்கி மணிமுத்தாற்றில் எறிந்திருப்பேன்.

அப்போதுதான் சௌந்தர்யா உள்ளே வந்தாள். பண்ருட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், வூடு வேணாம்னு கலியமூர்த்தி சார்கிட்ட எழுதி வாங்கிட்டேன். எங்கப்பா கரும்ப வுட்டுட்டு எங்கயும் வரமாட்டாரு, எனக்கு எதுக்கு வூடுன்னேன். காலையிலேர்ந்து ஒக்கார வெச்சாரு. கடசியில, செலவு மிச்சம்னு ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே நீங்களும் குடுக்க வேணாம். பானுமதி அக்காவோட தம்பி எனக்காவ சாமான் கட்டுறாருன்னு கேட்டதுலேர்ந்து ஒரே கூச்சமா இருந்துது."

பதில் போய்விட்டதை நான்தான் சொன்னேன். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"நான் போறேன்னு யாரு சார் சொன்னா?"

"நீ சூளைக்கு வரல" என்றார் தனக்கோடி.

"வரலன்னா?"

பானுமதி அந்த வழக்கத்தை விளக்கினார். பெண்ணாடத்துக் கரும்புக் காட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவள் காதில் அதுவரை விழுந்ததே இல்லை. அவளுக்குச் சூளை என்றால் பொம்மை எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கிற இடம்.

"காய்ச்ச வந்து படுத்திருந்தா? பஸ்ஸு கெடைக்காம நின்னுருந்தா? அப்பவும் இப்புடித்தான் அனுப்பியிருப்பீங்களா?"

"எனக்கு நீ இங்கயே இருக்கணும்னுதான் ஆசை" என்றார் தனக்கோடி. அவளைப் பற்றி அவர் திட்டாமல் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

"இத திங்கக்கெழமையே சொல்லியிருந்தீங்கன்னா நான் இன்னைக்கு பஸ்ஸே ஏறாம அன்னைக்கே போயிட்டு வந்திருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள். பானுமதியும் அழுதார்.

லீக் ஆபீசில் கெஞ்சிப் பார்த்தேன். விதி விதிதான் என்றார்கள். சௌந்தர்யா பண்ருட்டிக்குப் போனாள். தனக்கோடிக்குப் புதுச் சூளை வந்தது. அதை ஊரே புகழ்கிறது. அவர் மட்டும் அதன் பக்கம் அதிகம் போவதில்லை. மாடியில் மைத்துனன் மறுபடியும் சாமானைப் பிரித்து வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறான்.

இந்த வருஷம் பண்ருட்டி அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. சௌந்தர்யா எங்களைத் துவைத்து எடுத்துவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் தனக்கோடி விடுவிடுவென்று மைதானத்துக்குள் போனார். எங்கள் ஆட்டக்காரர்களைக்கூடப் பார்க்காமல் நேரே அவளிடம் போனார்.

"ரெண்டாவது பாதியில ஒரு ஃப்ரீ த்ரோவ கோட்ட வுட்டியே, கை என்னா மரத்துப் போச்சா?" என்று ஆரம்பித்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு வருஷமாக யாரும் திட்டாமல் அவளுக்கு ஒரு மாதிரி இருந்ததாம், பிறகு என்னிடம் சொன்னாள்.

திட்டு தீர்ந்தது. கலியமூர்த்தி பக்கத்திலேயே நின்றிருந்தார். தனக்கோடி தொண்டையைச் செருமினார்.

"ஒப்பந்தம் முடிஞ்சதும் நம்ம டீமுக்கு வந்துடு."

"கேக்குறீங்களா, சொல்றீங்களா சார்?"

"கேக்குறேன்மா."

வருவேன் என்றாள் சௌந்தர்யா. கலியமூர்த்திக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.