தசையும் சதையும், நடுவுல நானும்

பொம்பளைங்களுக்கு உடம்பை இறுக்கிக் குடுக்கிற தொழில்ல இரும்பைத் தூக்க வைக்கிறது சுலபம், ஏன் தூக்கணும்னு புரிய வைக்கிறதுக்குள்ளதான் தாவு தீந்துடும். புக்கிட் ரம்பாயில ஒரு கடைவீட்டு மாடியில எட்டு வருஷமா இதைத்தான் பண்றேன். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

கூட்டவா, குறைக்கவா?

பரிமளா அக்கா சேர்ந்த அன்னிக்கே விஷயத்தைச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விளங்கல. அவரைக் கட்டில்லேர்ந்து சக்கர நாற்காலிக்கு மாத்தணும். லூபோக் சீனாங்கிற ஊர்ல இருக்கிற கொழுந்தனாரு, "உங்களால முடியலன்னா நோயாளிங்களைப் பார்த்துக்கிற ஹோம்ல சேர்த்துடலாம் அண்ணி"ன்னு ரெண்டு மாசம் கெடு குடுத்திருக்காரு. அக்காவுக்கு அவரை அனுப்ப மனசே இல்ல.

நான் உருகிப்போய், "கவலைப்படாதீங்கக்கா, ரெண்டு மாசத்துல தசை நல்லா ஏறிடும்"னேன். பக்கத்துல நின்ன துணிக்கடை பாத்திமா அக்காவுக்கு முகம் மாறிப்போச்சு. அவங்க வந்ததே இளைக்கிறதுக்கு. மறுநாள் அவங்களும் இல்ல, அவங்களோட வர்ற மூணு பேரும் இல்ல. போன் போட்டுக் கேட்டேன். "சதையைக் குறைக்க வந்தா நீங்க சதை ஏத்துறேன்றீங்க, அது எங்க வீட்டுலயே ஏறுது லா."

வெள்ளைப் பலகை

கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வரவெச்சேன். தசை வேற, சதை வேறன்னு பலகையில பெருசா எழுதிப் போட்டேன், படம்கூட வரைஞ்சேன். அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. பாத்திமா அக்கா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பலகைகிட்ட போய் நின்னாங்க. "ரெண்டும் அதே எழுத்துதானே டீச்சர், முன்னபின்ன மாத்திப் போட்டா கொழுப்பு போயிடுமா?"

ஒரு சாண் இடைவெளி

ஆறாவது வாரம் பரிமளா அக்கா அம்பது கிலோ பாரத்தைத் தரையிலேர்ந்து அசராம தூக்குனாங்க. ஆனா வீட்டுல அவரைத் தூக்க முடியல. இத்தனைக்கும் அவரு ஒல்லி, ஒரு கால்ல கொஞ்சம் ஊனவும் முடியும். எனக்கு மண்டை காஞ்சிடுச்சு. நான் சொல்லிக் குடுத்ததுல எங்க தப்புன்னே பிடிபடல. கெடுவுக்கு ரெண்டு வாரம்தான் பாக்கி.

கடைசியில, என்னையே அவரா நெனச்சுத் தூக்கச் சொன்னேன். நெஞ்சோட அணைச்சுத் தூக்க வேண்டியவங்க, ஒரு சாண் தள்ளி நின்னு அக்குளைப் புடிச்சு இழுக்கிறாங்க. வெறும் கை எவ்வளவு தாங்கும்? "இறுக்கிக் கட்டிப்புடிங்கக்கா, அப்பத்தான் பாரம் காலுக்கும் இடுப்புக்கும் போகும்"னேன். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "வெளக்கு எரியறப்ப அவரைக் கட்டிப்புடிச்சுப் பழக்கமில்ல டீச்சர்."

இருபத்தேழு வருஷக் குடும்பம். அதுக்கு என்ன பயிற்சி குடுக்கிறதுன்னு நான் படிச்ச எந்தக் கோர்ஸ்லயும் இல்ல.

சனிக்கிழமை காலை

கெடு முடியிற அன்னிக்கு என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னாங்க. கொழுந்தனாரு வேனோட வந்து, அண்ணனோட துணிமணியெல்லாம் பையில அடுக்கி வெச்சிட்டாரு. அவரும் கெட்டவரு இல்ல, அண்ணிக்கு இடுப்பு போயிடுமேன்னு பயம்.

அக்கா எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க. ஜன்னல் வழியா வெயில் கட்டில் மேலயே அடிக்குது. அப்புறம் குனிஞ்சு, அவரை நெஞ்சோட சேர்த்துக் கட்டிப்புடிச்சாங்க. அவரு வெக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. நான் "ஒண்ணு, ரெண்டு" எண்ண வாயத் திறக்கிறதுக்குள்ள, தூக்கித் திருப்பி நாற்காலியில உக்கார வெச்சிட்டாங்க. உக்கார வெச்சும் கையை உடனே எடுக்கல. எனக்கு ஏன் அழுகை வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியல.

கொழுந்தனாரு அடுக்கி வெச்ச பையைத் திரும்பப் பிரிச்சாரு. "அண்ணி, இந்தத் துணியெல்லாம் எந்த அலமாரியில வெக்கணும்?"

பரிமளா அக்கா சேர்ந்தப்ப இருந்ததைவிட ரெண்டு கிலோ கூடிட்டாங்க, இதைக் காட்டி இளைக்க வர்றவங்களை நான் எப்படிச் சேர்க்கிறதுன்னுதான் புரியல.