வறுத்த பைன் கொட்டை விற்றவர்

குழந்தைகளே, ஆரணியில் சேவூர் போகிற சாலையோரம் செடி விற்கும் ஒருவரை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஆனால் பேசும்போதெல்லாம் பைன் மரத்துக் கொட்டையைப் பல்லால் உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு, எச்சில் ஒழுகும் மேலோட்டை, விற்கிற செடியின் தொட்டியிலேயே துப்புவார்.

அந்தக் கொட்டையைத்தான் விதை என்று எங்களுக்கும் விற்றார். "ஈர மணல்ல போட்டு ஒரு மாசம் ஃப்ரிட்ஜ்ல வையுங்க. அப்புறம் நட்டா ஜல்தியா மொளைக்கும்" என்றார். என் மகள் அப்படியே செய்தாள். நட்ட பிறகு, பள்ளிக்குப் போகுமுன் தினமும் தொட்டியருகே குந்திப் பார்ப்பாள். ஒன்றும் முளைக்கவில்லை. கிளறினால், எல்லாம் பூசணம் பிடித்து நாறியது.

அவரிடமே போய்க் கேட்டோம்.

"வறுத்த கொட்டை எப்படிங்க மொளைக்கும்?" என்று சிரித்தார்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"பசங்கதான? நாலு நாள் பாத்துகினு இருக்கும், அப்புறம் மறந்துடும். இதுக்குப் போயி பேஜார் பண்றீங்களே!"

அதற்குள் என் மகள், அவருக்குப் பின்னால் ஈரச் சாக்கின் நிழலில், ஊசி ஊசியாக இலை விட்ட பைன் கன்றைப் பார்த்துவிட்டாள்.

"அது மட்டும் எப்படி அங்கிள் வந்துச்சு?"

"அது வறுக்காத விதை பாப்பா. எம்பொண்ணு கேட்டுது, தேடி வாங்கியாந்து போட்டேன். அது ஏமாந்துடக் கூடாதுல்ல?"

அவ்வளவு பாசமாகத்தான் சொன்னார். என் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே அதைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.