அக்கா அரக்கு வைத்து ஒட்டிய பித்தளைச் சாடி

எங்கள் அக்கா ஆண்டவர் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஆகையால் அவருடைய குணங்களை அடுக்கப் போவதில்லை. அடுக்கினால் அக்காவுக்கே பிடிக்காது.

பாலக்கரையில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னையும் தங்கையையும் அவரே வளர்த்தார். கொய்யாப்பழம் திருடவில்லை என்று நான் சொன்ன ஒரே ஒரு பொய்க்காக அரை நாள் முழங்காலில் நிற்கவைத்தவர். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த அத்தான், கல்யாணமான மறு வருஷமே சென்ற உலக யுத்தத்துக்காக ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குப் போனார். காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்திதான் வந்தது.

வெகு காலம் கழித்து ஒரு பார்சல் வந்தது. கடிதம் இல்லை. முழ உயரப் பித்தளைப் பூச்சாடி ஒன்று; அதில் மல்லிகைக் கொடியும், தமிழில் அக்காவின் பெயரும் செதுக்கியிருந்தன.

"உங்க அத்தான் கையால செஞ்சது" என்றார் அக்கா. அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக உழைத்து எங்களைக் கரையேற்றினார். சாடி தேவமாதா சுரூபத்தின் முன் நின்றது. அதை அவரைத் தவிர வேறு யாரும் தேய்க்கக் கூடாது.

அக்காவுக்குப் பின் அது தங்கைக்கு வந்தது. இந்தப் பூசைக்காகத் துலக்கியபோது, அரக்கு விட்டு, அடியில் ஒட்டியிருந்த மரப்பலகை கழன்றது. பித்தளை அடியில் எண்களும் எழுத்துகளும் வட்டமாகக் குத்தியிருந்தன. நடுவில் திருகாணித் தலை போல ஒன்று. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பலகையையும் சேர்த்துத் துணியில் சுற்றிக்கொண்டு, இந்த யுத்தப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். என் ஆபீஸ் நண்பர் ஐயங்கார், சென்ற யுத்தத்தில் பஸ்ரா ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர்.

சாடியைக் கவிழ்த்து, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல விரலை ஓட்டினார்.

"இது சாடியே இல்லை. பீரங்கிக் குண்டோட கூடு. சுட்டது போக மிஞ்சினதுல பட்டாளத்துக்காரா இப்படிச் செதுக்கிண்டிருப்பா. பயப்படாதீங்கோ, மருந்து கிடையாது."

"இந்த எண் என்னங்க?"

"கூடு பண்ணின வருஷம். உங்க அத்திம்பேர் தவறினது எப்போ?"

சொன்னேன். அவர் மறுபடி பார்த்தார். "இது அதுக்கு அடுத்த வருஷம் பண்ணின கூடாச்சே. பலகை எதுக்கு ஒட்டினா?"

"ஆடுதுன்னு அக்கா ஒட்டச் சொன்னாங்க. பார்சல் வந்த வாரமே."

"கீழே வச்சுப் பாருங்கோ."

வைத்தேன். துளியும் ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை அழுதுவிட்டாள். "மலர்ல எழுதாதீங்கண்ணா. பொய்யே சொல்லாத அக்கா, நம்மகிட்டயே பொய் சொன்னாங்கன்னு ஆயிடும்."

எழுதிவைத்திருந்த கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். அக்காவைப் பற்றித் தெரியாமல் எழுதவும் மனமில்லை, தெரிந்ததை எழுதவும் துணிவில்லை. ஏதாவது கடிதம் அகப்படுமா என்று அவருடைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டினேன். கடிதம் இல்லை. தினம் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர் எழுதிய தாள் இருந்தது. ஒரு பக்கம் இறந்தவர்கள்: அப்பா, அம்மா, 'அவர்'. அத்தானின் பெயரை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை, எழுதியதுமில்லை. மறுபக்கம் உயிரோடிருப்பவர்கள். அதில் முதல் வரி: 'சாடி செய்தவர்'. அவருக்குக் கீழேதான் நானும் தங்கையும்.

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். "ஆண்டவர்கிட்ட அக்கா பொய் சொல்லலை. எழுதுங்கண்ணா" என்றாள்.

கடைசி மூன்று வாரக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக்கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இரவு பகல் பாராமல் வந்த டாக்டருக்கும், பூசை வைத்த சுவாமியாருக்கும் எங்கள் நன்றி. பஸ்ராவில் தன் கூட இருந்தவன் இறந்த பிறகும் அவன் மனைவியின் பெயரை மறக்காமல், அத்தனை பூவும் செதுக்கி, தன் பெயரைப் போடாமல் அனுப்பிய அந்த மனிதருக்கும் நன்றி. அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

அந்தத் தாளை இப்போது தினமும் நாங்கள் படிக்கிறோம். அக்காவின் பெயரை 'அவருக்கு'ப் பக்கத்தில் எழுதினேன். சாடி செய்தவரை உயிரோடிருப்பவர்களில் முதலாகவே விட்டிருக்கிறேன்.